பனியை உட்காரச் சொன்ன வேராயி

புல்லுக்கும் நீருக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், வடக்கே வெகுதூரத்தில், கடலே உறைந்துபோகும் ஒரு குளிர்நாட்டில் நடந்தது இது. நம் கோடியக்கரைச் சேற்றில் மழைக்காலம் தோறும் வந்து இறங்குகிறதே உள்ளான், அந்தப் பறவைக்குத் தாய்வீடு அங்கேதான். அது கொண்டுவந்து போட்ட கதை. பறவை சொன்ன கதைதானே என்று இளக்காரமாய்க் கேட்க வேண்டாம். நம் ஊர் வாய்க்காலில் நடக்கிற அதே அநியாயந்தான் அங்கேயும் நடந்தது.

அந்தக் கடலோரத்தில் ஒரு பெரிய உப்புச் சதுப்பு. நடுவே வளைந்து வளைந்து ஓர் ஓடை. கடல் நீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த ஓடை வழியாகத்தான். சதுப்பு முழுக்கக் கோரை. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்த சனம், பங்காளிகள். ஓடையை ஒட்டி நின்றவர்களுக்குக் கரைக்காரர்கள் என்று பேர். ஓடையை விட்டுத் தள்ளி நின்றவர்களுக்கு உள்காட்டுக்காரர்கள் என்று பேர். பேரைக் கேட்டாலே தெரியும், யோகம் யார் பக்கம் என்று.

வேராயி உள்காட்டுக்காரி. அவள் நின்ற இடம் ஒரு பள்ளம். முதலிலேயே பள்ளமாய் இருந்ததல்ல, பள்ளமாக்கப்பட்டது. அதைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும்.

கடல் பொங்கும் ஏற்றத்தில் அந்தக் கடல் நீர் ஓதமாய் உள்ளே வரும். வரும்போது சும்மா வராது, கடலடியிலிருந்தும் ஆற்று வாயிலிருந்தும் வண்டலை வாரித் தலையில் சுமந்துகொண்டு வரும். அந்தச் சனத்துக்கு வண்டல்தான் சோறு, வண்டல்தான் வீடு. கடல் வருடா வருடம் கொஞ்சங்கொஞ்சமாய் உயர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு ஈடாய் வண்டல் படிந்து தரையும் உயர்ந்தால் புல் பிழைக்கும். உயராத இடம் முழுகும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஓதம் கொண்டுவருவது எல்லாருக்கும் போதுமானதுதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. ஓடையை விட்டு ஓதம் ஓர் அடி மேலேறியதுமே கரைக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு அதன் கையைப் பிடிப்பார்கள், காலைப் பிடிப்பார்கள். நடை தளரும். நடை தளர்ந்தால் தலைச்சுமை நழுவும். நழுவியதெல்லாம் கரையிலேயே விழும். அதையும் தாண்டி ஓதம் உள்காட்டுக்கு வரும்போது வெறுங்கையும் தெளிந்த தண்ணீருமாய் வரும். இப்படியே கரை உயர்ந்து வரப்பாயிற்று. வரப்பு உயர்ந்ததும் உள்ளே வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லாமல் போயிற்று. சோறும் இல்லை, வீட்டுக்குள் தண்ணீரும் வடியவில்லை. பந்தியில் உட்காரவிடாமல் விரட்டிவிட்டு, எச்சில் தண்ணீரையும் தலையில் ஊற்றினால் எப்படி இருக்கும்?

பள்ளத்தில் நின்ற தண்ணீரில் வேராயியின் பிள்ளைகள் ஒன்றொன்றாய் அழுகின. ஒரு கொழுந்து கறுக்கும், சாயும், மிதக்கும். வேராயி பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கொழுந்து. தளிராயி என்று பேர். அவளுக்கும் அடி வெளுக்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு கோடை வரைக்கும் அந்தத் தண்ணீரிலேயே நின்றால் அவளும் போவாள்.

வேராயி முதலில் ஓதத்திடம்தான் சண்டைக்குப் போனாள். நீ ஊருக்கெல்லாம் பொதுவாய் வருகிறவனா, இல்லை கரைக்காரனுக்கு அடியாளா என்று கேட்டாள். ஓதம் பாவம், கோபிக்கவில்லை. தன்னால் ஓடும்போது மட்டுந்தான் சுமக்க முடியும் என்றது. யாராவது பிடித்து நிறுத்தினால் அங்கேயே கீழே போட்டுவிடுவதுதான் தன் பிறவி என்றது. உள்காடு வரை ஓடிவரத் தனக்கு வழிவிடச் சொல்லிக் கரைக்காரர்களிடம் கேள் என்று சொல்லிவிட்டு, கடல் உள்வாங்கும் வற்றத்துக்கு நேரமாகிறதென்று போய்விட்டது.

புல்லால் நடக்க முடியாது. ஆனால் வேரோடு வேர் பேசும். வேராயி கரைத்தலைவன் கரைமுத்துவுக்குச் சேதி அனுப்பினாள். முறைக்கு அவளுக்குப் பெரியப்பா. தடித்த தண்டும் அகன்ற தோகையுமாய் வரப்பின் உச்சியில் நிற்கிற ஆள். கொஞ்சம் விலகி நின்று ஓதத்துக்கு வழிவிடச் சொல்லிக் கேட்டாள். அது முடியாதென்றால் தளிராயியையாவது கரையில் ஓர் ஓரமாய் ஊன்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். கெஞ்சியே கேட்டாள். பிள்ளைக்காக யாரும் கெஞ்சுவார்கள்.

கரைமுத்து அவசரப்படாமல் பதில் சொன்னார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்றார். கரை உயரமாய் இருப்பதால்தான் அலை உள்காட்டை அடிக்காமல் இருக்கிறதாம், அதற்கு உள்காட்டுக்காரர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். இதையெல்லாங்கூட வேராயி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் கேட்கக் கூடாதது.

"புள்ள அழுகுதுன்னு ஏன்டி இப்படி ஒப்பாரி வைக்கிற? அழுகினா உரந்தானே. ஒரே வேரு, எப்படியும் எங்களுக்குத்தான் வந்து சேரும். வீணாப் போகாது."

கேட்டதும் வேராயிக்கு உச்சியிலிருந்து அடிவேர் வரைக்கும் பற்றிக்கொண்டு எரிந்தது. செத்துப்போன தன் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆளின் தண்டு தடித்தது எதனால் என்றும் தெரிந்தது. உன் வாயில் மண் விழ என்று சபிக்கவும் அவளால் முடியவில்லை. மண்தான் நாள் தவறாமல் அவர் வாயில் விழுந்துகொண்டிருந்ததே, அதுதானே வயிற்றெரிச்சல்!

அன்றிலிருந்து வேராயி கரைப்பக்கம் பேச்சை நிறுத்தினாள். அவள் நல்லவளாய் இருந்து கண்டது போதும்.

குளிர்காலம் வந்தது. குளிரோடு உறையன் வருவான். உறையன் என்றால் பனிக்கட்டி, கடல்மேல் மிதந்து வருகிற பெரிய உடம்புக்காரன். ஒரு பாறையை உருட்டிவிட்டது போல வருவான். அவன் குணம் ஒன்றுண்டு. யார் வாசலிலும் அழையாமல் உட்கார மாட்டான். அவ்வளவு மானக்காரன். ஏற்றத்தோடு உள்ளே வருவான், எல்லார் தலைக்கு மேலும் மிதப்பான், யாராவது ஒரு வார்த்தை சொல்கிறார்களா என்று பார்ப்பான், வற்றத்தோடு வந்த வழியே போய்விடுவான்.

ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அது கரைமுத்து போட்ட கட்டுப்பாடு. முதல் குளிர் அடித்ததும் சதுப்பில் உள்ள அத்தனை கோரையும் தலையைச் சேற்றில் சாய்த்துப் படுத்துவிட வேண்டும். உயிரை வேருக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். மூச்சுக் காட்டக் கூடாது. உறையன் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கும்போது என்ன கொண்டுபோவானோ என்று கரைமுத்துவுக்குப் பயம். வைத்திருப்பவனுக்குத்தானே பயம் வரும். உள்காட்டுக்காரர்களுக்கு இழக்க என்ன இருந்தது? இருந்தும் காலங்காலமாய் அவர்களும் சேர்ந்து படுத்தார்கள். படுக்கச் சொன்னால் படுத்துப் பழகிவிட்டது.

அந்த வருடம் வேராயி படுக்கவில்லை.

குளிரில் தோகை காய்ந்தது, தண்டு சருகானது. ஆனாலும் நிமிர்ந்தே நின்றாள். பக்கத்துக் கோரைகளையும் எழுப்பினாள். கட்டுப்பாட்டை மீறினால் கரைக்காரர்கள் சும்மா விடுவார்களா என்று சிலர் நடுங்கினார்கள். இதற்கு மேல் அவர்கள் நம்மை என்ன செய்துவிட முடியும், சொல்லுங்கள் என்று வேராயி கேட்டாள். ஒருவர் பின் ஒருவராய் நிமிர்ந்தார்கள். தளிராயி மட்டும் தண்ணீருக்கடியில் சுருண்டு கிடந்தாள். அவளுக்கு எழ வலுவில்லை.

வெயில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் அந்தக் குட்டைப் பகலில் உறையன் மிதந்து வந்தான். படுத்துக் கிடக்கும் கரையைத் தாண்டினான். உள்காட்டில் சருகுகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்தான்.

"வாங்க ஐயா" என்றாள் வேராயி.

உறையனுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டான். உங்களைத்தான் என்றாள். எத்தனையோ வருடமாய் வருகிறேன், இதுவரை ஒரு புல் என்னை வா என்றதில்லையே, உனக்கு என்னிடம் என்ன காரியம் என்று கேட்டான். அவன் ஒன்றும் ஏமாளி இல்லை.

வேராயியும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஓதம் ஓடினால்தான் சுமக்கும், அதைக் கரைக்காரர்கள் ஓடவிட மாட்டார்கள். உங்களை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அவர்கள் தலைக்கு மேலேயே வந்துவிடுவீர்கள். அந்தக் கரையில் குவிந்து கிடக்கும் மண்ணைக் கொஞ்சம் எங்கள் பள்ளத்துக்குக் கொண்டுவந்து போட வேண்டும். இதுதான் காரியம் என்றாள்.

உறையன் யோசித்தான். தனக்குத் தூக்கத் தெரியும், ஆனால் பொறுக்கி எடுக்கத் தெரியாது என்றான். உட்கார்ந்த இடத்தில் எது இருக்கிறதோ அத்தனையும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மண்ணோடு வேரும் வரும், வேரோடு ஆளும் வரும். அதுமட்டுமல்ல, பிடித்ததை விடவும் தெரியாது. தான் கரைந்தால்தான் அது விடும். கரைவதென்றால் திரும்பிப் போவதில்லை.

கரைமுத்துவை வேரோடு பிடுங்கச் சொல்ல வேராயிக்குத் தயக்கமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கரைந்துபோ என்று எந்த வாயால் சொல்வது? உறையனே மறுபடி பேசினான். பேச்சில் பழைய கோபம் இருந்தது. இத்தனை வருடமும் தலையைக் கவிழ்த்துக்கொண்ட வாசல்களையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றான். திரும்பிப் போய்த்தான் என்ன, அங்கேயும் என்னை யார் தேடப்போகிறார்கள் என்றான். பிறகு, சரி, ஆனால் ஒரு கேள்வி என்றான்.

"என்னை அந்தக் கரையில உக்காரச் சொல்ற. அது உன் இடமா? அடுத்தவன் வாசல்ல உக்காரச் சொல்ல உனக்கு என்ன உரிமை?"

"என் பங்கு மண்ணு அங்கதான் கிடக்குது. என் புள்ளைங்க அழுகின உரமும் அங்கதான் கிடக்குது. அப்ப அது யார் இடம்? நான் சொல்றேன். உக்காருங்க."

உறையன் போனான். வற்றம் தொடங்கி, தண்ணீர் மெல்ல ஓடைக்குள் இறங்கியது. எப்போதும் அதோடு சேர்ந்து போய்விடுகிறவன் அன்று போகவில்லை. வரப்பின் உச்சியில், படுத்துக் கிடந்த கரைமுத்துவின் மேலேயே அப்படியே இறங்கி உட்கார்ந்தான். கரைமுத்துவுக்கு மூச்சு முட்டியது. எழுந்திருடா என்று கத்த வாயெடுத்தார், ஆனால் வாய்திறக்கக் கூடாதென்று சட்டம் போட்டவரே அவர்தானே. கரைக்காரர்கள் ஒருவரும் தலை தூக்கவில்லை. தங்கள் தலைவர் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் விலகிய ஈரச்சேற்றில் குளிர் இறங்கியது. உறையனின் அடிவயிறும் கரையின் மேல்மண்ணும் ஒன்றாய் இறுகின. அன்றைக்குப் பௌர்ணமி. திரும்பிவந்த ஏற்றம் வழக்கத்தைவிடப் பெரிதாய் வந்தது. உறையனுக்கு அடியில் புகுந்து நெம்பியது. உறையன் எழுந்தான். எழுந்தபோது பழந்துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்டது. வண்டல் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து அவன் அடியில் தொங்கியது. அந்தப் பாளத்தில், வேரும் தண்டுமாய், தலைகீழாய்ப் பார்த்துக்கொண்டு கரைமுத்து.

அப்போதுதான் அவர் அலறினார். அந்த அலறலைக் கேட்டு உள்காட்டில் ஒருவருக்கும் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பள்ளத்தில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

உறையன் மிதந்து பள்ளத்துக்கு மேலே வந்தான். வேராயியும் அவள் சனமும் நிமிர்ந்து நின்ற சருகுகளால் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். படுத்திருந்தால் பிடித்திருக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போயிருப்பான். சில தண்டுகள் ஒடிந்தன. ஒடிந்தவை போக மீதி பிடித்தன. வற்றம் அவனை இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் தனியே திரும்பியது. உறையன் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தான். அவனுக்கு அடியில் வண்டல். வண்டலுக்கு அடியில் தளிராயி.

அந்தக் குளிர்காலம் வேராயிக்கு எப்படிப் போனதென்று சொல்லி முடியாது. பிள்ளை பிழைக்கத்தான் இத்தனையும் செய்தாள், பிள்ளையின் மேலேயே மலையை இறக்கி வைத்ததாய் ஆயிற்று. அவசரப்பட்டுவிட்டோமோ என்று வேர் வழியாய்த் தளிராயியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. குளிரில் எந்த வேரும் பேசாது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தென்ன, தாய் மனசு கேட்குமா? தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் முடிகிற இடத்தில் மறுபடி கரைமுத்துவின் சொல் ஞாபகம் வரும், மறுபடி அவர்மேல் கோபம் வரும். அப்படியேதான் பொழுது போயிற்று.

வெயில் நிமிரத் தொடங்கியது. உறையன் சொன்ன சொல் தவறவில்லை. விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கரைந்தான். கரையக் கரைய அவன் பிடி தளர்ந்தது, வண்டல் கட்டி கட்டியாய்ப் பள்ளத்தில் விழுந்தது. கடைசித் துண்டு கரைவதற்கு முன்னால் வேராயி அவனிடம், அடுத்த குளிருக்கும் வாங்க, எங்கள் வாசல் உங்கள் வாசல் என்றாள். வருகிறேன் என்றானா, சிரித்தானா தெரியவில்லை. தண்ணீராய் ஓடிவிட்டான்.

பள்ளம் மேடாகிவிட்டது. காலங்காலமாய் நின்ற தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போயிற்று. ஆனால் புதுமண்ணில் பச்சையே காணவில்லை. முதலில் முளைத்தது யார் தெரியுமா? கரைமுத்து. கோணலாய் விழுந்திருந்தாலும் கொழுத்த வேர் அல்லவா, தோகையை விரித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் வேராயி, என் பிள்ளை மண்ணுக்குள், இந்த ஆள் மண்ணுக்கு மேலா என்று வாய்விட்டே கதறினாள்.

அவள் கதறி ஓய்ந்த சில நாளில், கரைமுத்துவின் காலடிக்குப் பக்கத்தில் புதுவண்டல் வெடித்தது. ஊசிபோல ஒரு நுனி. வெளுப்பில்லை, நல்ல பச்சை. தளிராயி!

வேராயி அழுதாள், சிரித்தாள். உள்காடே சிரித்தது.

கரைமுத்து சிரிக்கவில்லை. தன்னை வந்து அழைத்துப் போகும்படி கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கே அவர் பெயர்ந்துபோன குழியை அவருடைய சொந்தத் தம்பியும் தம்பி மக்களும் அதற்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம், ஓதத்தையாவது கொஞ்சம் விடுங்களடா என்று கேட்டார். உள்காட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது, காற்றாய் இருக்கும் என்று தம்பி பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது இவர் காதில் நன்றாகவே விழுந்தது. மறுநாள் வேராயியைக் கூப்பிட்டார். ஒரே வேர் ஆயிற்றே, பார்த்து நடந்துகொள் என்றார்.

வேராயிக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். நேராய் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களப் பிடுங்கி எறிய மாட்டேன் பெரியப்பா. அழுகட்டும்னு விடவும் மாட்டேன். இங்க நில்லுங்க. ஆனா குளிரு வந்தா படுக்கக் கூடாது. எங்களோட நிமிந்து நின்னு, வர்றவர வாங்கன்னு கூப்பிடணும்."

கரைமுத்து வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அடுத்த குளிருக்கு நின்றார், கூப்பிடவும் செய்தார்.

அந்தக் குளிர்நாட்டுச் சதுப்பில் ஓதம் கொண்டுவருகிற வண்டல் இன்றைக்கும் கரையோடுதான் நிற்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் குளிர் வந்தால் பனி அந்தக் கரையில் வந்து உட்காருகிறது, கரையைக் கடித்து மொட்டையடிக்கிறது, மண்ணையும் வேரையும் தூக்கிக்கொண்டு உள்காட்டில் வந்து கரைகிறது. உள்காட்டுக் கோரை சருகாய்ச் செத்தும் தலை சாய்வதில்லை. அன்று முதல்தான் அங்கே குளிர் அடித்ததும் எல்லாருக்கும் முந்திக்கொண்டு பனியை "வாங்க" என்று கூவுவது கரைமுத்துவின் வம்சம்: கரையில் எந்த இடத்தில் மண் கொழுத்துக் கிடக்கிறது, எங்கே உட்கார வைத்தால் அதிகம் பெயரும் என்று அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.